ஒன்றரைக்கண் யானை

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் யானைக்கு அடியில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், வேன் ஓட்டி வந்த என் தம்பி, கல்யாண மண்டபத்து முதலாளி, அவர் சம்சாரம், கேட்டில் நின்ற வாட்ச்மேன். ஐந்து மாதமாக என் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழு. என் நாத்தனார் தானும் அங்கே இருந்ததாகப் போகிற விசேஷத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் இல்லை. அவள் பற்றவைத்த நெருப்பு மட்டும்தான் வந்தது. அவள் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் சிமெண்டில் பொம்மை கட்டுகிறவர். கம்பியை வளைத்து, கோழி வலையைச் சுற்றி, மேலே கலவையை அப்பி, மாடு, மீன், யானை என்று ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிவிடுவார். வயலை மனையாக்கி விற்றவர்கள் கையில் பணம் புரண்ட காலம் அது. கடை கட்டினால் வாசலில் ஒன்று, மாடி கட்டினால் தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று என்று தேடி வந்து கேட்டார்கள்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் வீட்டுப் படிக்கட்டைப் பூசப் போனபோது. அந்த அம்மாளின் தங்கை ஆஸ்திரேலியாவில் குடியேறியவள். அவள் அனுப்பிய போட்டோக்களை அம்மாள் இவருக்குக் காட்டியிருக்கிறாள். தங்கையும் அவள் புருஷனும் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அடுப்பு, கட்டில், ஜன்னலுக்குத் திரை எல்லாம் அதற்குள். போகிற வழியில் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் அன்னாசிப்பழம், லாரி நீளத்துக்கு ஓர் இறால், வீடு பெரிசுக்கு ஒரு செம்மறியாடு. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அதில் ஒரு போட்டோவைக் கேட்டு வாங்கி வந்து எங்கள் வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தார். நான் தலை வாரும்போதெல்லாம் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்? இவர் அதைத் தொழிலுக்குப் பிடித்துக்கொண்டார். உடம்பு, கால், வால், வர்ணம் எல்லாம் முடித்துவிட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தை உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக விட்டுவிடுவார். மீதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் ஏணி போட்டு ஏறிக் கருவிழி வைப்பார். வாசலில் கண் இல்லாத மிருகம் நின்றால் யாருக்குப் பொறுக்கும்? ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும். மூன்று பேர் மட்டும் பொறுத்துக்கொண்டார்கள். கோவிலம்பாக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை வாசலில் ஒரு மாடு, ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் மீன் வடிவத் தொட்டி, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கல்யாண மண்டபத்து யானை. மூன்றும் ஐந்து மாதமாகக் குருடாகவே நின்றன.

அதே ஐந்து மாதம்தான் எனக்கும்.

அதற்கு முன்பு இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு படித்திருக்கிறேன். மாடிப்படி பயம், மின்சார ரயில் பயம், யாராவது வயிற்றைப் பார்த்தால் பயம். அப்படி இருக்கிறவளிடம் வந்து என் நாத்தனார், தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏண்டியம்மா, வூட்ல புள்ளத்தாச்சிய வெச்சிகினு எந்தம்பி கண்ணு தொறக்காம வுட்டுகினு வரானே, அதுங்கள்லாம் உன் வயித்தத்தான் பாத்துகினு கீதுங்க. அப்பால பொறக்கறது கண்ணோட பொறக்குமா?"

கண்ணே இல்லாதது எப்படிப் பார்க்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பணம் வருகிறதோ இல்லையோ, மூன்றுக்கும் கண் வைத்துவிட்டு வா என்று அவரை நச்சரித்தேன்.

"கண்ணு வெச்சிட்டா அப்பால எவன் துட்டு தருவான்? உங்கப்பனா தருவான்?" என்றார்.

"எம் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா? உங்கக்காவா பெத்துக் குடுப்பா?"

பத்து நாள் இதே பேச்சு. பதினோராம் நாள் அவர் குரல் தேனாக மாறியது. "போட்டோல கீறாப்ல நாமளும் ரெண்டு நாள் போய்ட்டு வரலாம்மே. உன் தம்பி ரொட்டி வேன் சும்மாதான கீது. நம்ம பொம்மைங்கள எல்லாம் ஒரு ரவுண்டு பாத்துட்டு வருவோம்."

பேக்கரிக்காரர் வேறு வண்டி வாங்கிவிட்டதால் தம்பியின் வேன் சவாரி இல்லாமல் நின்றிருந்தது. பக்கவாட்டில் பாதி அழிந்த ரொட்டிப் படம்; உள்ளே பழைய ரொட்டி வாடை. எனக்கோ வாந்தி நிற்காத நாள்கள். பலகை போட்டு, பாய் விரித்து, ஸ்டவ்வும் தண்ணீர்க் கேனும் ஏற்றினோம். அவர் பையில் பாக்கி எழுதிய நோட்டு இருந்தது, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். என் பையில் பழைய ஜாக்கெட்டில் சுற்றிய ஒரு டின் கறுப்பு எனாமல் பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் இருந்தன. அது அவருக்குத் தெரியவே தெரியாது.

சனிக்கிழமை காலை கோவிலம்பாக்கம். தீவனக் கடை வாசலில் மாடு நின்றது. மூக்கின் மேல் தகரத்தில் வெட்டிக் கறுப்படித்த ஒரு கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தது. கடைக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாப்பா பொம்மக்காரு. பாத்தியா நம்ம மாட்ட? கண்ணு ஆப்ரேசன் பண்ணிகினு வந்துகீது."

"இன்னா மொதலாளி இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ கண்ணு வெக்கல, நான் கண்ணாடி வெச்சேன். இப்ப பஸ்ல வர்றவன்லாம் கூலிங் கிளாஸ் மாட்டாண்ட நிறுத்துன்றான். உன் கண்ணு இனிமே எனக்கு இன்னாத்துக்கு?"

"அப்ப என் நானூத்தம்பது?"

"மாட்டக் கேளு."

என் தம்பி சிரித்துவிட்டான். வீட்டுக்காரர் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுக் கடைக்காரர் மேல் பாய்ந்தார். இரண்டு பேரும் அப்பன், பாட்டன் வரைக்கும் போனார்கள். தகரத்தைக் கழற்ற அந்த ஆள் விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் டின்னைத் திறந்து விரலை முக்கி, மாட்டின் மூக்குப் பக்கம் போய், தகரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து, தடவிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். தகரத்தின் விளிம்பு மணிக்கட்டில் கீறியது. அது பரவாயில்லை. ஒன்று முடிந்தது என்று மூச்சு வந்தது.

வேனில் ஏறியதும், "கைல இன்னா கறுப்பு?" என்றார்.

"ஸ்டவ் கரி."

"எரியாத ஸ்டவ்ல ஏதும்மே கரி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தம்பியிடம், "உங்கக்கா மூஞ்சப் பாரு, சுத்துலாவுக்கு வந்த மூஞ்சாடா இது?" என்றார். "மாமா, என்னை வுட்ருங்க, நான் டிரைவர்," என்றான் அவன்.

மத்தியானம் ஊரப்பாக்கம். புது காலனி, மீன் தொட்டி வீட்டுக்காரர் ஆபீஸ் உத்தியோகம். பனியனோடு வந்து கேட்டைத் திறந்தார். மரியாதையான மனுஷர். மரியாதையான மனுஷர்களிடம் எனக்கு எப்போதுமே பயம் அதிகம்.

"வாங்க வாங்க. காபி சாப்பிடறீங்களா? அந்த பாலன்ஸ் ஆறுநூறு விஷயம்தானே? நானே யோசிச்சு வெச்சிருக்கேன். ரோட்லேர்ந்து பாத்தா மீனோட ஒரு சைடுதான் தெரியுது. அந்த சைடுக்கு மட்டும் ஒரு கண்ணு வெச்சிடுங்க, முந்நூறு இப்பவே தரேன். இன்னொரு பக்கத்துலேர்ந்து பாக்கறது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. அவருக்கு எதுக்குக் கண்ணு?"

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். முந்நூறை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் வர்ண டப்பாவையும் மடக்கு ஏணியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஏறினேன். மொட்டை மாடியில் மீன் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தலை, ஏணி போட்டுத்தான் எட்டும் உயரம். அவர் ரோட்டுப் பக்கம் ஏறி அழகாக ஒரு விழி வைத்தார். வெள்ளையில் ஒரு மினுக்குப் புள்ளி கூட விட்டார். எவ்வளவு நல்ல கை அது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அந்தப் பக்கமும் வெய்யி," என்றேன்.

"பாதி துட்டு, பாதி கண்ணு."

"யோவ், ஒத்தக்கண்ணு குருட விட மோசம்யா. எம் புள்ள ஒத்தக்கண்ணோட பொறக்கணுமா?"

"கத்தாத. கீழ சார் கேக்கப் போறாரு."

"கேக்கட்டும். பொண்டாட்டி வயித்த வித்துட்டு முந்நூறு ரூபா வாங்குனான்னு கேக்கட்டும்."

அவர் ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அந்த ஏணி இல்லாமல் எனக்கு எட்டாது. மீனின் இடது பக்கம் வெள்ளையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பெண், "இந்தப் பக்கம் வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று இரவு வேனுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிப் படுத்தோம். அந்த ஆஸ்திரேலியாப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தது போட்டோ எடுக்கிற நேரத்துக்கு மட்டும்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்களத்தூர். மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மறுநாள் முதலாளியின் சொந்த மகளுக்கே அங்கே கல்யாணம். வீட்டுக்காரர் அதை விசாரித்துத்தான் இந்த வாரத்தைப் பிடித்திருக்கிறார். வேனை விட்டு இறங்குவதற்கு முன்பு என் பக்கம் திரும்பினார். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"நாளைக்கு அவரு பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வூட்டுக்காரங்க குருட்டு ஆனையத் தாண்டி உள்ள வருவாங்களா? இன்னிக்குத் துட்டு வந்தே தீரும். வந்த ஒடனே ரெண்டு கண்ணும் வெக்கறேன். ஒரு மணி நேரம் வாயத் தொறக்காத, போதும்."

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

யானை கேட்டுக்கு வலது பக்கம், ரோட்டைப் பார்த்து நின்றது. பன்னிரண்டு அடி. அவர் கட்டியதிலேயே பெரியது. முதலாளி பட்டுக்கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்போகம் விளைந்த நிலத்தை விற்று மண்டபம் கட்டியவர். நிலத்தை வாங்கினவனையும் திட்டுவார், மண்டபம் கேட்டு வருகிறவனையும் திட்டுவார்.

"துட்டு துட்டுன்னு பொணத்து மேல ஈ மாதிரி வந்துகினே இருக்கியே. ஆயிரத்து எண்ணூறா? நீ கட்னது ஆனையா, பன்னியா?"

"பன்னின்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும் மொதலாளி. தும்பிக்க வெக்காம வுட்டிருப்பேன்," என்றார் இவர்.

வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டான். முதலாளியின் சம்சாரம் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனது. அது எதற்காக உள்ளே போனது என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு உங்கண்ணும் வேணாம், உன் ஆனையும் வேணாம்," என்று முதலாளி கத்தினார். "நாளைக்குச் சம்பந்தி வர்றதுக்குள்ள இத்த இங்க இல்லாம ஆக்கறேன். டேய் வாட்ச்மேன், எட்றா சம்மட்டிய! இடிடா!"

வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "இடிங்க," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பேரம் இப்படித்தான் முற்றும், முற்றின பிறகுதான் படியும் என்பது அவர் கணக்கு. ஆனால் வாட்ச்மேன் ஷெட்டுக்குள் போய் நிஜமாகவே சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். குருடாக நிற்பதே இந்தப் பாடு என்றால், கண் திறக்காமலே தலையில் அடிபட்டு விழுந்தால்?

வேனை நோக்கி ஓடினேன். தம்பி ஸ்டீரிங்கில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "ஆனையாண்ட ஒட்டி நிறுத்துடா," என்றேன். பின்னால் இருந்த இரும்பு ஏணியில் காலை வைத்துக் கேரியர் மேல் ஏறினேன்.

"அக்கா! எறங்கு! மாமா என்னைக் கொன்னுடுவாரு!"

"நிறுத்தல, நான் கொன்னுடுவேன்."

மாடிப்படிக்குப் பயந்தவள் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. வலது கண் கைக்கு எட்டியது. பிரஷ்ஷை முக்கி வட்டமாக இழைத்தேன். நன்றாகவே வந்தது, ரோட்டில் போகிறவர்களைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் கீழ்நோக்கி. அதற்குள் ஆண்கள் மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். "ஏய்! ஏய்! இன்னாம்மே பண்ற!" என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அந்தப் பக்கம் போடா," என்று வேன் கூரையைக் காலால் உதைத்தேன். தம்பி பயத்தில் கியரைப் போட்டுவிட்டான். நான் கேரியரைக் கட்டிப் பிடித்துக் குப்புறப் படுக்கவும் முடியாமல் ஒருக்களித்துக் கிடக்க, வேன் யானையைச் சுற்றி இடது பக்கம் போய் நின்றது. டின்னில் பாதி என் புடவையில்.

இடது கண்ணில் பிரஷ்ஷை வைத்தேன். அப்போதுதான் வயிற்றுக்குள் ஒன்று புரண்டது. இடப்பக்கத்தில், உள்ளிருந்து விரலால் தட்டின மாதிரி. அதுதான் முதல் தடவை. கை துள்ளி மேலே போய்விட்டது. கருவிழி வானத்தைப் பார்த்தது. திருத்தப் போனேன், இன்னும் மேலே போனது. போதும் என்று விட்டுவிட்டேன்.

குனிந்து பார்த்தேன். முதலாளியின் சம்சாரம் படியில் நின்றது. கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, அதன் மேல் நூறு ரூபாய்த் தாள்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. யானையை அண்ணாந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"வெச்சாச்சா?" என்று கேட்டது. தாம்பாளத்தோடு திரும்பி உள்ளே போய்விட்டது.

முதலாளி சிரித்த சிரிப்பு மண்டபத்துக்குள் எதிரொலித்தது. "டேய், சம்மட்டிய உள்ள வெய்டா."

"மொதலாளி, பேசுன துட்டு..." என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"யாரு வெச்சா கண்ணு? நீ வெச்சியா? துட்டு குட்த்தா கண்ணு வெப்பேன்னியே. நீ வெக்கல. நான் எதுக்குக் குடுக்கணும்? புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆசப்பட்டு வெச்சிது, மவராசியா இருக்கட்டும். நாளைக்கு சாப்பாட்டுக்கு வந்துடுங்க."

நாங்கள் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கேரியரிலிருந்து இறங்கும்போது என்னைப் பிடிக்க என் வீட்டுக்காரர் கை நீட்டவில்லை, தம்பிதான் பிடித்தான். இரும்புலியூர் தாண்டும்போது சொன்னார்: "அஞ்சு நிமிசம். அஞ்சே அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா துட்டும் வந்திருக்கும், கண்ணும் ஒழுங்கா வந்திருக்கும்."

"சம்மட்டி வந்துச்சே."

"ஒருத்தன் சம்மட்டியக் காட்டுனா துட்ட எடுத்துனு வரான்னு அர்த்தம்மே. இத்தினி வருசம் எங்கூடக் குடுத்தனம் பண்ணி இது தெரியலயா?"

தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

செய்தி பரவிவிட்டது. அதற்கப்புறம் கண் வைக்காமல் மிரட்டினால் எவனும் மசியவில்லை. "உன் சம்சாரத்த அனுப்பு, வெச்சிட்டுப் போவட்டும்," என்றார்கள். இரண்டு வருஷத்தில் அவர் பொம்மையை விட்டுவிட்டுச் சுவர் பூசப் போனார். யானையோ பேர் வாங்கிவிட்டது. ஒரு கண் ரோட்டையும் ஒரு கண் ஆகாயத்தையும் பார்க்கிற அதைக் காட்டித்தான் எல்லாரும் வழி சொல்கிறார்கள். கண்டக்டர்கள், "ஒன்றரைக்கண் யானை எறங்கு," என்று குரல் கொடுக்கிறார்கள். மண்டபத்துக்காரர் கல்யாணப் பத்திரிகையிலேயே அடையாளமாகப் போடச் சொல்கிறாராம். ஒரு தடவை, அதே மாதிரி கோணல் கண்ணோடு ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒருத்தர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வீட்டுக்காரர் அவரைத் தெருமுனை வரை துரத்தினார். பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் இன்றைக்கும் அவர் எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பார்ப்பார். நான் யானையைப் பார்ப்பேன்.

பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததும் மற்றவர்கள் நிறம் பார்த்தார்கள், நான் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. கறுகறுவென்று இருந்தன. "இன்னா, இப்ப திருப்தியா?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியில் ஆயிரத்து எண்ணூறு ரூபாயும் இருந்தது.

நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. மகளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் மட்டும் பவர். சீட்டைப் பார்த்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன்.

"மீனு," என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

ஊரப்பாக்கத்துக்குத் தனியாகப் போனேன், மீதியை நானே வைத்துவிட்டு வரலாம் என்று. அந்த மரியாதையான மனுஷர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார். வந்தவர்கள் மீனை இடித்துவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, மீனே இல்லை என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய பாக்கி நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். மூன்று வரியும் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தன. மாட்டுக்கு நானூற்றைம்பது, மீனின் இடது கண்ணுக்கு முந்நூறு, யானைக்கு ஆயிரத்து எண்ணூறு. இன்னும் வர வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.